கோவைத் தொழில்மேதை

கொங்கு நாட்டின் தலைநகராய் விளங்குவது கோயம்புத்தூர். அங்குப் பஞ்சாலைகளின் புகைபோக்கிகளையும், வார்ப்பட ஆலைகளையும், நீரிறைக்கும் பொறிகள் செய்யும் பட்டறைகளையும் தெருத்தோறும் காணலாம். 1888ஆம் ஆண்டில் அந்நகரில் முதற் பஞ்சாலை தோன்றியது. அதன் பின்னர் ஓர் அரை நூற்றாண்டுக்குள் கோவை தென்னாட்டின் பெருந்தொழில் நகரமாக வளர்ந்தது. நகரங்கள் தாமே வளர்வதில்லை. உழைப்பும் ஊக்கமும் உடைய மக்கள் அவற்றை வளர்க்கின்றனர். அவ்வாறு கோவையை வளர்த்த பெருமக்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் ஜி. டி. நாயுடு ஆவார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். பள்ளிப் படிப்பைப் பாதியிலும் பாதியாக விட்டவர், பொறியியற் கல்லூரிக்குத் தலைவராய் அமர்ந்தார். உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறியவர், நாடெங்கும் புகழ்பெற்ற பஸ் நிறுவனத்தை நடத்தினார். ஏழையும் ஏறிச் செல்லத்தக்க சிறு காரொன்றை அமைத்துக் காட்டியவரும் அவரே. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமை

கோவைக்கு அண்மையில் சூலூரை அடுத்துள்ள சிற்றூர் கலங்கல். அவ்வூரில் உழவுத் தொழில் செய்துவந்த கோபால்சாமி நாயுடுவின் மகனாக 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே அவர் தாயை இழந்தார். அன்னையின் அரவணைப்பின்றி வளர்ந்த அவர், அடங்காத சிறுவராய் இருந்தார்.

தந்தையார் மகனைத் திண்ணைப் பள்ளியில் சேர்த்தார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தெழுதிப் பழகுவதும், சொன்னதையே திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வதுமே கல்வியாக இருந்தன. பிழை செய்தோர் பிரம்படி பெற்றனர். இம்முறை துரைசாமிக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அடித்த ஆசிரியர் முகத்தில் எழுதும் மணலையே வாரி இறைத்துவிட்டு அவர் ஓடிவிட்டார் என்று சொல்வர். இச்செயல் பாராட்டத் தக்கதன்று. ஆயினும் அவருடைய பிற்கால வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். காரணம் அறியாமல் எதனையும் ஏற்க அவர் உள்ளம் இசையவில்லை. கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, பிரித்து ஆராய்ந்து அறிவதையே அது நாடியது.

சில வகுப்புகளோடு பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால் கற்பது நிற்கவில்லை. தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கிடைத்த நூல்களை எல்லாம் அவர் படித்தார். பள்ளியை விட்ட பின்னரே படிப்பின் சுவையை அறிந்தவர் என்று அவரைக் கூறலாம்.

வழியில் கண்ட வண்டி

அந்நாளில் கொங்கு நாட்டுச் சாலைகளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமே ஓடின. அங்ஙனமிருக்க, ஒரு நாள் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதை இளைஞர் துரைசாமி கண்டார். இழுக்கும் மாடில்லை, குதிரையில்லை, மிதிக்கும் காலும் இல்லை. ஆயினும் அவ்வண்டி ஓடிற்று. ஊரார் வியந்து பார்த்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினர். துரைசாமியால் அவ்வாறு திரும்ப இயலவில்லை. அது எவ்வாறு ஓடுகின்றது என்னும் வினா அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவ்வினாவுக்கு விடை காண ஒரு வழிதான் இருந்தது. அவ்வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். துரைசாமி ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். அங்கு ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையை ஏற்றார். நிலமுடைய குடியானவர் மகன் பிறர்க்கு இலை போடுவதா என்று அவர் நாணவில்லை. மாதந்தோறும் பெற்ற சிறு ஊதியத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். ஆண்டுகள் கழிந்தன. போதிய தொகை சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வேறோர் இளைஞராயின் அவ்வண்டியில் ஏறி ஊரெல்லாம் சுற்றி வந்திருப்பார். துரைசாமியோ, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். எண்ணெய் புகையாகிக் குழாயினுள் புகுவதையும், சிறு தீப்பொறி அதனை வெடிக்கச் செய்வதையும், அவ்வெடியின் விசையால் உந்துதண்டு இயங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவதையும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். பின்னர் அனைத்தையும் பழையபடியே பூட்டி வண்டியை ஓடச் செய்தார். அன்றே அவர் ஒரு பொறியியலறிஞர் ஆகிவிட்டார். அதற்குரிய பட்டத்தை எந்தக் கல்லூரியும் அவருக்கு வழங்கவில்லை என்பது ஒன்றே குறை.

பஸ் தொழில்

1920ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. கோவையில் வாணிகம் செய்து பெருஞ்செல்வராய் விளங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியைக் கொண்டு அவர் ஒரு பஸ் வண்டியை வாங்கினார். அதனைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓட்டுநரை வைத்துக்கொள்ளவில்லை; தாமே ஓட்டினார். வண்டி பழுதுற்றால் தாமே செப்பனிட்டார்.

அக்காலத்தில் பஸ் ஓட்டுதல் எளிதன்று. சாலைகள் கல்லும் மண்ணுமாய்க் கிடந்தன. லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் சக்கரங்களைத் துளைத்தன. உதிரி உறுப்புகள் கடல் கடந்து வரவேண்டியிருந்தன. வண்டி நிறைய ஆட்கள் சேரும் வரையில் புறப்படாமல் நிற்பதும், வழியில் கண்ட இடத்தில் நிறுத்துவதும் வண்டிக்காரர் வழக்கமாய் இருந்தன. நாயுடு இவ்வழக்கத்தை மாற்றினார். குறித்த நேரத்தில் வண்டி புறப்படவேண்டும்; குறித்த நேரத்தில் சேரவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஒருவர் காலந் தவறினால் அவரை நம்பியிருக்கும் பலருடைய காலமும் பாழாகும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஒரு வண்டி பல வண்டிகள் ஆயிற்று. யு. எம். எஸ். என்னும் மூன்று எழுத்துகளைத் தாங்கிய வண்டிகள் கொங்கு நாட்டுச் சாலைகளில் எங்கும் ஓடின. சில ஆண்டுகளுக்குள், ஒழுங்கிலும் திறமையிலும் நாட்டிலுள்ள சிறந்த பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக யு. எம். எஸ். பெயர் பெற்றது. பழனியாண்டவரைத் தொழச் செல்லும் அடியாரும், பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லும் உழவரும், ஊர்விட்டு ஊர் செல்லும் வணிகரும் அதனால் பயன் பெற்றனர்.

பொறிகள் படைத்தல்

பஸ் தொழிலில் பொருள் ஈட்டிய பின் நாயுடு ஓய்ந்திருக்கவில்லை. பலமுறை மேல்நாடுகளுக்குச் சென்றார். அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். செல்வர் பலர் மேல்நாடு சென்று அழகிய பொருள்களை வாங்கி வந்தனர். நாயுடு அப்பொருள்களைச் செய்யும் முறையை அறிந்து வந்தார். படம் பிடிப்பதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1936ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியாலேயே அவர் படம் எடுத்தார்.

1930களில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. அதனால் பஞ்சாலைகள் பெருகின. கமலை கட்டி மாட்டால் நீரிறைத்த கிணறுகளிலும் மின்சாரத்தால் நீரிறைக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. ஆனால் அதற்கு வேண்டிய மின்மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. இக்குறையைப் போக்க நாயுடு முனைந்தார். பாலசுந்தரம் நாயுடு என்னும் மற்றொரு தொழில் வல்லுநரோடு கூடி, 1937ஆம் ஆண்டில் கோவைப் பீளமேட்டில் மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெரிய தொழிற்சாலையை நிறுவினார். நீரிறைக்கும் பொறிகளும் மோட்டார்களும் செய்வதில் கோவை நகரம் பிற்காலத்தில் நாடறிந்த இடமாயிற்று. ஆழக் கிணறுகளை நம்பி வாழும் புஞ்சைக் காட்டு உழவர்க்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாயுடு படைத்த பிற பொருள்கள் பலவாகும். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் சிறு சவரக் கருவியை அவர் அமைத்தார். மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, படம்பிடி கருவிக்குத் தொலைவைச் சரிசெய்யும் உறுப்பு, எவரும் மாற்றிப் புரட்ட இயலாத வாக்குப் பதிவுப் பொறி ஆகியவையும் அவர் கைவண்ணத்தில் தோன்றியவையே. 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கே இந்நாட்டில் செய்து தர இயலும் என்று அவர் அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாய் இருந்த காலம் அது.

இப்பொருள்களை எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். மன்னரும் செல்வரும் மகிழ்வதற்கென அவர் எதனையும் செய்யவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மண்ணெண்ணெய் விசிறி. பணம் மிகுதியாய் இல்லாத வீட்டுக்கு விலை குறைந்த வானொலி. எளிய மக்களின் தேவையையே அவர் எப்போதும் முன்னே வைத்தார். அவ்வெண்ணத்தின் முதிர்ந்த கனியே பின்னர் அவர் அமைத்த சிறு கார்.

கல்விப் பணி

1944ஆம் ஆண்டில் நாயுடு மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித் தொகையும், தொழிலாளர் நலனுக்கும் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கும் அறத்திட்டங்களும் அறிவித்தார். இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிப்பதே நாட்டுக்குச் செய்யும் பெருந்தொண்டு என்பது அவர் முடிவு.

அவருடைய கொடையால் கோவையில் தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் என்பவரின் பெயரை அவை தாங்கின. 1945ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கல்லூரிக்கு நாயுடுவே முதல்வர் ஆனார். திண்ணைப் பள்ளியைத் துறந்து ஓடிய சிறுவர் பொறியியற் கல்லூரியின் தலைவராய் அமர்ந்த விந்தையை எண்ணுங்கள்!

ஆனால் அப்பதவியில் அவர் நீண்ட நாள் நிலைக்கவில்லை. பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டுவதில்லை என்று அவர் கருதினார். ஏட்டுப் படிப்பைக் குறைத்துக் கைப்பயிற்சியை மிகுத்தால் குறைந்த காலத்திலேயே நல்ல தொழில் வல்லுநரை உருவாக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசு இதற்கு இசையவில்லை. கொள்கையை விட்டுப் பதவியில் இருக்க விரும்பாத நாயுடு பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரி வளர்ந்து, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு கோவையில் விளங்குகின்றது.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1952ஆம் ஆண்டில் நாயுடுவின் பட்டறையிலிருந்து ஒரு புதிய வண்டி வெளிவந்தது. அது பெட்ரோலால் ஓடும் சிறிய கார். இருவர் அமர்ந்து செல்லலாம். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய்தான் என்பது அதன் தனிச்சிறப்பு.

இதன் அருமையை அறிய, அன்றைய நிலையைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். இந்தியாவில் மோட்டார் வண்டித் தொழில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. 1942ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மோட்டார் நிறுவனமும், 1944ஆம் ஆண்டில் பம்பாயில் பிரீமியர் நிறுவனமும், 1948ஆம் ஆண்டில் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனமும் தொடங்கப் பெற்றன. இவையெல்லாம் மேல்நாட்டு நிறுவனங்களோடு உறவு கொண்டு, அந்நாட்டுக் கார்களின் உறுப்புகளை வரவழைத்து இங்குப் பூட்டத் தொடங்கியவை. பின்னரே உறுப்புகளைச் சிறிது சிறிதாக இங்குச் செய்யலாயின. அவை விற்ற கார்களை வாங்க வல்லவர் நாட்டில் மிகச் சிலரே. ஆசிரியரும் எழுத்தரும் சிறு வணிகரும் அவற்றைத் தெருவில் நின்று பார்க்கத்தான் இயன்றது. இவர்களுக்கும் ஒரு கார் வேண்டும் என்று எண்ணியவர் நாயுடு.

விலையைக் குறைப்பது எவ்வாறு? வண்டி சிறிதானால் இரும்பு குறையும். பாரம் குறைந்தால் சிறிய பொறியே அதை இழுக்கும். பொறி சிறிதானால் எண்ணெய்ச் செலவும் குறையும். ஒன்று குறைய மற்றொன்றும் குறையும். பேருந்து ஓட்டியும் பழுது பார்த்தும் முப்பது ஆண்டுக்கு மேல் பழகிய கைக்கு இக்கணக்குப் புதிதன்று.

வண்டி ஓடியது. ஆனால் அதனைப் பெருவாரியாகச் செய்து விற்பதற்கு அரசின் உரிமம் வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெருந்தொழில் தொடங்க விரும்புவோர் அரசின் உரிமம் பெறல் வேண்டும். நாயுடுவின் காருக்கு அவ்வுரிமம் கிடைக்கவில்லை. ஆகவே அதன் உற்பத்தி நின்றுவிட்டது.

அரசின் நோக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடுதலை பெற்ற புதிய நாட்டில் இரும்பு குறைவு. வெளிநாட்டு நாணயம் அதனினும் குறைவு. உணவுக்கும் பாசனத்துக்கும் பெரிய ஆலைகளுக்கும் அவற்றை ஒதுக்க வேண்டியிருந்தது. காரைவிட லாரியும் பஸ்ஸும் நாட்டுக்கு முதலில் வேண்டியவை என்று ஆட்சியாளர் கருதினர். சில நிறுவனங்களே இத்தொழிலில் இருப்பது நலம் என்றும் எண்ணினர். இவ்வெண்ணத்தில் நேர்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும், வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டிச் செய்த பெரிய காருக்குக் கிடைத்த இடம், உள்நாட்டு அறிவால் தோன்றிய சிறிய காருக்குக் கிடைக்கவில்லையே என்னும் வருத்தம் எழாமல் இல்லை. வேண்டாத தொழிலைத் தடுக்கப் போட்ட வேலி, வேண்டிய பயிரையும் தடுத்துவிட்டது.

ஜப்பான் நாட்டில் நிகழ்ந்தது

அதே காலத்தில் கடல் கடந்த ஜப்பானில் நிகழ்ந்ததை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் நன்று.

ஜப்பானின் ஹமாமட்சு நகரமும் கோவையைப் போலவே நெசவுத் தொழிலால் பெயர் பெற்றது. அங்கு மிச்சியோ சுசுகி என்பவர் வாழ்ந்தார். அவர் பிறந்த ஆண்டு 1887. நாயுடுவுக்கு ஆறு ஆண்டு மூத்தவர். அவரும் உழவர் குடியில் பிறந்தவர். தச்சு வேலை பயின்றவர். 1909ஆம் ஆண்டில் அவர் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். தறிகள் நன்கு விற்றன. ஆயினும் தறி எளிதில் தேயாது. ஒருமுறை வாங்கியவர் நெடுங்காலம் மறுமுறை வாங்கார். ஆகவே வேறு தொழிலும் வேண்டும் என்று அவர் எண்ணினார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிறு கார் செய்து பார்த்தார். போர் வந்ததால் அம்முயற்சி நின்றது.

போரில் ஜப்பான் தோற்றது. நகரங்கள் சாம்பலாயின. இரும்பும் எண்ணெயும் அங்கும் அரியவையாயின. மக்களிடம் பணம் இல்லை. அந்நிலையில் 1952ஆம் ஆண்டில், அதாவது நாயுடுவின் கார் வெளிவந்த அதே ஆண்டில், சுசுகி நிறுவனம் மிதிவண்டியில் பூட்டத்தக்க சிறு மோட்டாரைச் செய்து விற்றது. 1954ஆம் ஆண்டில் தறி நிறுவனம் மோட்டார் நிறுவனம் எனப் பெயர் மாறியது. 1955ஆம் ஆண்டில் சுசுலைட் என்னும் சிறிய கார் வெளிவந்தது. அதன் பொறியின் அளவு 360 கனசென்டிமீட்டரே. பெரிய மோட்டார் சைக்கிள் பொறியைக் காட்டிலும் அது சிறியது.

ஜப்பானிய அரசு சிறு கார்களைத் தடுக்கவில்லை. அவற்றுக்கென்று தனி வகுப்பை வரையறுத்தது. இன்ன அளவுக்குள் பொறி இருத்தல் வேண்டும். இன்ன நீளத்துக்குள் வண்டி இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின் வரியும் குறைவு, விதிகளும் எளியவை என்று வகுத்தது. இதனால் பல நிறுவனங்கள் சிறு கார் செய்வதில் போட்டியிட்டன. 1958ஆம் ஆண்டில் சுபாரு நிறுவனத்தின் சிறு கார் வந்தது. ஆண்டுதோறும் வண்டிகள் திருந்தின, விலை குறைந்தது, விற்பனை பெருகியது. 1979ஆம் ஆண்டில் சுசுகி வெளியிட்ட ஆல்டோ என்னும் கார் அந்நாட்டு மக்களின் மனத்தைக் கவர்ந்தது.

இனி, இந்தியாவின் பக்கம் திரும்புவோம். 1981ஆம் ஆண்டில் இந்திய அரசு மாருதி என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. எளிய குடும்பத்துக்கு ஏற்ற சிறிய கார் செய்தலே அதன் நோக்கம். அதற்கு உதவ வல்ல நிறுவனத்தை உலகெங்கும் தேடி, 1982ஆம் ஆண்டு அக்டோபரில் சுசுகி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. முதியவராய் வாழ்ந்திருந்த மிச்சியோ சுசுகி அதே மாதத்தில் மறைந்தார். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் திறவுகோலை உரியவரிடம் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அதன் விலை 47,500 ரூபாய். அதன் பின்னர் இந்தியச் சாலைகளின் தோற்றமே மாறியது. முப்பது ஆண்டுக் காலம் அவ்வண்டி வெளிவந்தது.

நடுத்தர மக்களுக்கு ஒரு சிறு கார் என்னும் எண்ணம் கோவையில் உருப்பெற்றது 1952ஆம் ஆண்டில். அவ்வெண்ணம் நாட்டில் நிறைவேறியது 1983ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் முப்பத்தோர் ஆண்டு. அதனைக் காண நாயுடு உயிரோடு இல்லை. இரு நாட்டிலும் அறிவு இருந்தது, உழைப்பும் இருந்தது. ஓரிடத்தில் விதைக்கு நீர் கிடைத்தது; மற்றோரிடத்தில் கிடைக்கவில்லை. தொழில் வளர்வதற்குத் தனி மனிதரின் திறமை மட்டும் போதாது. நாட்டின் துணையும் வேண்டும் என்பதை இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துகின்றன.

உழவும் அறமும்

கார் நின்றதனால் நாயுடு சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. பொறிகளில் காட்டிய ஆர்வத்தைப் பயிர்களிலும் காட்டினார். தம் தோட்டத்தில் பருத்தி, சோளம், பப்பாளி முதலியவற்றில் புதிய வகைகளை விளைவிக்க முயன்றார். அறிவியல் மேதை சர். சி. வி. இராமனும், பொறியியல் வல்லுநர் விசுவேசுவரய்யாவும் அத்தோட்டத்தைக் கண்டு சென்றனர். கல்லாதவர் என்று ஏட்டறிவினர் கருதிய ஒருவரின் தோட்டத்துக்கு, நோபெல் பரிசு பெற்ற அறிஞரே வந்து பார்த்தது அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெருஞ்சிறப்பாகும்.

இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி தருவதையும் அவர் இறுதிவரை கைவிடவில்லை. தாம் கண்டுபிடித்த கருவிகளையும், மேல்நாடுகளிலிருந்து கொண்டுவந்த பொறிகளையும் மறைத்து வைக்காமல் காட்சிக்கு வைத்தார். பொறியின் உள்ளே என்ன இருக்கின்றது என்று அறியத் துடிக்கும் சிறுவர் எங்கேனும் இருப்பர். தமக்குக் கிடைக்காத வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கட்டும் என்னும் கருத்தே அதில் அடங்கியிருந்தது.

1974ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அப்போது அவருக்கு வயது எண்பது.

முடிவுரை

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் இன்றும் உள்ளது. பழைய கார்களைக் காட்டும் கூடமொன்றும் அவர் வழியினரால் 2015ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பெற்றது. பள்ளி மாணவர் கூட்டம் கூட்டமாகச் சென்று அவற்றைக் கண்டு வருகின்றனர். 2025ஆம் ஆண்டில் அதே சாலையின் மேல், பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய மேம்பாலம் திறக்கப்பட்டபோது, அதற்கு ஜி. டி. நாயுடுவின் பெயரையே தமிழக அரசு சூட்டியது. அப்பாலத்தின் மீது நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் விரைகின்றன. அவற்றுள் மிகப் பலவும் எளிய குடும்பத்தினர் ஏறிச் செல்லும் சிறு கார்களே. அவர் கண்ட கனவு அவர் பெயர் தாங்கிய பாலத்தின் மீதே ஓடிக்கொண்டிருக்கின்றது.

நாயுடுவின் வாழ்விலிருந்து மாணவர் கொள்ளத்தக்க பாடங்கள் பல. பள்ளியை விட்டு ஓடியதை எவரும் பின்பற்ற வேண்டுவதில்லை. விட்ட பின்னும் கற்பதை விடாத உறுதியையே பின்பற்றுதல் வேண்டும். கண்ட பொருளை வியந்துவிட்டுப் போகாமல், அது எவ்வாறு இயங்குகின்றது என்று வினவுதல் வேண்டும். விடை காண்பதற்காக எத்தொழிலையும் செய்ய நாணுதல் கூடாது. கற்ற கல்வியைச் செல்வர்க்கு மட்டுமன்றி, இல்லாதவர்க்கும் பயன்படுமாறு செய்தல் வேண்டும். எடுத்த காரியத்தில் ஒன்று தடைப்பட்டால், மற்றொன்றில் கை வைத்துத் தொடர்தல் வேண்டும். இவையே கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அப்பெரியார் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்களாகும்.